கடிகாரம் யார் கையில்? யூஎஸ்பி கருவிகளுக்கு நிகழ்நேர டிரைவர் எழுதுவது பற்றி

தலைகீழ் ஊசல் என்று ஒரு சோதனை உண்டு. சிறு வண்டி ஒன்றின் மேல் கீல் வைத்து ஒரு கம்பியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். கம்பி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி ஓடிப்போய் அதைத் தாங்க வேண்டும். சின்ன வயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியவர்களுக்கு இது புரியும். பல ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டியைக் கணினியோடு யூஎஸ்பி வழியாக இணைத்தேன். கோணத்தைப் படி, கணக்குப் போடு, மோட்டாருக்குச் சொல் என்று 5 மில்லி நொடிக்கு ஒரு சுற்று. கணக்குக்கு ஆன நேரம் 50 மைக்ரோ நொடிகூட இல்லை. ஆனாலும் கம்பி ஒவ்வொரு முறையும் விழுந்தது.

மூன்று நாள் என் சூத்திரத்தையே சந்தேகப்பட்டேன். நான்காம் நாள் ஆசிலோஸ்கோப்பின் முனையை மாட்டிப் பார்த்தால், கேள்வி போனதற்கும் பதில் வந்ததற்கும் நடுவே 16 மில்லி நொடி. பலகையில் இருந்த யூஎஸ்பி-சீரியல் சில்லு, தன் பஃபர் நிறையும்வரையோ 16 மில்லி நொடி கழியும்வரையோ பைட்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். என் பதில் வெறும் 8 பைட். பஃபர் ஒருநாளும் நிறையாது. அந்தக் காத்திருப்பு நேரத்தை லினக்ஸ் ஒரு கோப்பில் எண்ணாக வெளியே வைத்திருக்கிறது. 16 என்று இருந்ததை அழித்து 1 என்று எழுதினேன். கம்பி நின்றது.

யூஎஸ்பியில் நிகழ்நேரம் முடியுமா என்ற கேள்விக்கு அன்றிலிருந்து இரண்டு பதில்களை மாறிமாறிக் கேட்டுவருகிறேன். முடியவே முடியாது என்பது ஒன்று. 480 மெகாபிட் வேகம் இருக்கும்போது என்ன தடை என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. நிகழ்நேரம் என்பது வேகம் அல்ல. சொன்ன கெடுவுக்குள், எந்த நிலையிலும், ஒருமுறைகூடத் தவறாமல் வேலை முடிவதுதான் நிகழ்நேரம். ஆகவே டிரைவர் எழுதுபவர் முதலில் கேட்க வேண்டியது, கெடுவைக் காக்கும் கடிகாரம் கணினியில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா, இரண்டுக்கும் நடுவே கம்பியில் இருக்கிறதா என்பதைத்தான். இந்தத் துறையில் வெற்றிபெற்ற வடிவமைப்புகளை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது. தோற்றவற்றில் பெரும்பாலும் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

யூஎஸ்பியின் சுபாவத்திலிருந்து தொடங்குவோம். 1996 ஜனவரியில் முதல் வரையறை வந்தபோது, சீரியல், பேரலல் என்று கணினியின் முதுகில் கிடந்த விதவிதமான துளைகளை ஒன்றாக்குவதுதான் நோக்கம். விலை குறைய வேண்டும் என்பதற்காக அறிவையெல்லாம் கணினிப் பக்கம் வைத்தார்கள். கருவிகள் கேட்டால் பதில் சொல்லும்; தானாக வாய் திறக்காது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை முன்னால் உட்கார்ந்தவர் எழுந்துபோய்ச் சாம்பார் எடுத்துக்கொள்ள முடியாது. பரிமாறுபவர் வரிசையாக வருவார். நம் இலைக்கு வரும்போதுதான் கேட்க முடியும். ஹோஸ்ட் கட்டுப்படுத்தி என்ற சில்லுதான் இங்கே பரிமாறுபவர். ஃபுல் ஸ்பீடில் (12 மெகாபிட்) 1 மில்லி நொடிக்கு ஒரு ஃபிரேம். 2000 ஏப்ரலில் வந்த யூஎஸ்பி 2.0-வின் ஹை ஸ்பீடில் (480 மெகாபிட்) அந்த ஃபிரேம் எட்டாகப் பிரிந்து 125 மைக்ரோ நொடிக்கு ஒரு மைக்ரோஃபிரேம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு சிறு பாக்கெட் தாளம் போலப் போய்க்கொண்டேயிருக்கும்.

இந்தத் தாளம் துல்லியமானது. 1 மில்லி நொடி ஃபிரேமில் அரை மைக்ரோ நொடிக்கு மேல் பிசகக் கூடாது என்கிறது வரையறை. கம்பியைப் பொறுத்தவரை யூஎஸ்பி ஒழுங்கானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒழுங்கு கெடுவது கம்பிக்கு மேலே, மென்பொருளில்.

பரிமாற்றங்கள் நான்கு வகை. அமைப்பு வேலைகளுக்கான கன்ட்ரோலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல்க் என்பது மீந்த இடத்தில் போவது. பஸ் காலியாக இருந்தால் ஒரு மைக்ரோஃபிரேமில் 512 பைட் பாக்கெட்டுகள் 13 வரை போகும். நெரிசலாக இருந்தால் எப்போது போகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. இன்டரப்ட் வகையின் பெயர் பல தலைமுறை மாணவர்களை ஏமாற்றியிருக்கிறது. கருவி கணினியைக் குறுக்கிடும் என்று அந்தப் பெயர் சொல்கிறது. நடப்பதோ, குறித்த இடைவெளியில் ஹோஸ்ட் வந்து 'ஏதாவது இருக்கிறதா?' என்று விசாரிப்பது. பழைய மவுஸ்கள் 10 மில்லி நொடி இடைவெளி கேட்கும், கணினி அதை இரண்டின் அடுக்கான 8-க்கு இறக்கிக்கொள்ளும். நொடிக்கு 125 முறை என்ற அந்தப் பழைய எண் வந்தது இப்படித்தான். இன்று விளையாட்டு மவுஸ்களின் பெட்டியில் 8000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பது, ஒவ்வொரு மைக்ரோஃபிரேமிலும் விசாரிப்பு நடக்கிறது என்பதன் கணக்கு.

நான்காவதான ஐசோக்ரனஸ்தான் நிகழ்நேரத்துக்காகவே பிறந்தது. ஒவ்வொரு ஃபிரேமிலும் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஃபுல் ஸ்பீடில் இன்டரப்டும் ஐசோக்ரனஸும் சேர்ந்து ஒரு ஃபிரேமில் 90 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம். ஹை ஸ்பீடில் 80. ஒதுக்க இடமில்லையென்றால் ஹோஸ்ட் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். ஒரே பஸ்ஸில் இரண்டாவது வெப்கேமராவைச் செருகியதும் 'இடமில்லை' என்ற பிழை வருவது இதனால்தான். டிஸ்க்கில் இடமில்லை என்று நினைத்துக் கோப்புகளை அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்கிய இடத்துக்கு ஈடாக ஐசோக்ரனஸ் ஒன்றை விட்டுக்கொடுக்கிறது: பாக்கெட் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பாது. பரிமாறுபவர் வரும்போது இலை விரிக்காமல் இருந்தால் பாயசம் அந்தச் சுற்றில் இல்லை.

கடிகாரக் கேள்வியை முதலில் நேர்மையாகச் சந்தித்தது ஒலித் துறை. ஒரு ஸ்பீக்கர் 44,100 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லி நொடியில் 44.1 மாதிரிகள் வேண்டும். 0.1 மாதிரியை எப்படி அனுப்புவது? ஒன்பது பாக்கெட்டில் 44, பத்தாவதில் 45 என்று அனுப்பலாம். ஆனால் அது கணினியின் மில்லி நொடியும் ஸ்பீக்கரின் மில்லி நொடியும் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும். கடிகாரங்களை ஓட்டும் படிகங்கள் இரண்டு ஒருநாளும் ஒன்றாக அதிராது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் நொடிக்கு இரண்டு மாதிரிக்குமேல் மிஞ்சும் அல்லது குறையும். அரை மணி நேரக் கச்சேரியில் பஃபர் வழிந்தோ வற்றியோ 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்.

இதற்கு வரையறை மூன்று வழிகளைத் தந்தது. கருவி ஃபிரேம் தாளத்துக்குத் தன் கடிகாரத்தைப் பூட்டிக்கொள்வது ஒன்று. வரும் தரவின் வேகத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வது இன்னொன்று. அசின்க்ரனஸ் எனப்படும் மூன்றாவது முறையில் கருவியின் கடிகாரமே எஜமான். கருவி ஒரு பின்னூட்ட எண்ட்பாயிண்ட் (தரவு போய்வரும் வாசல்) வழியாக 'ஒரு ஃபிரேமுக்கு எனக்கு இத்தனை மாதிரி வேண்டும்' என்று பின்ன எண்ணாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும். ஃபுல் ஸ்பீடில் அந்த எண் 3 பைட், அதில் 14 பிட் பின்னத்துக்கு. டிரைவர் அந்தப் பின்னத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, முழு எண்ணைத் தாண்டும்போது ஒரு மாதிரியைச் சேர்த்து அனுப்பும். நல்ல ஒலிக்கருவிகள் இந்த மூன்றாவது வழிக்கே போயின. என் பார்வையில் யூஎஸ்பி வரையறை முழுவதிலும் அழகான பகுதி இதுதான். கேட்கும் அதிகாரம் ஹோஸ்டிடம், அளக்கும் அதிகாரம் கருவியிடம் என்று பொறுப்பை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள்.

அடுத்து, கம்பிக்கு மேலே உள்ள மென்பொருள். லினக்ஸில் ஒரு யூஎஸ்பி டிரைவர் எழுதுபவர் கையாளும் அடிப்படைப் பொருள் யூஆர்பி என்ற வேண்டுகோள். அதை நிரப்பிக் கெர்னலிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முடிந்ததும் கெர்னல் நம் செயல்கூறைத் திருப்பி அழைக்கும். 2005-ல் வெளிவந்த 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' மூன்றாம் பதிப்பில் இதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு; அதன் ஆசிரியர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் கெர்னலின் யூஎஸ்பி பகுதியைப் பராமரிப்பவர். நூலின் வயது தெரிகிறது என்றாலும் அந்த மாதிரி இன்றும் அப்படியே இருக்கிறது.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, ஒரே ஒரு யூஆர்பியை வைத்துக்கொண்டு ஓட்டுவதில்தான். அது முடிந்து, இன்டரப்ட் வந்து, நம் செயல்கூறு ஓடி, மறுபடி ஒப்படைக்கும்வரை ஹோஸ்ட் கட்டுப்படுத்தியிடம் வேலை எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் தாளங்கள் வீணாகப் போகின்றன. ஐசோக்ரனஸில் அந்த வீண் மைக்ரோஃபிரேம் ஒவ்வொன்றும் இழந்த தரவு. எப்போதும் குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கு யூஆர்பி வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று முடிந்ததும் அதே செயல்கூறிலிருந்து திருப்பிச் சேர்த்துவிட வேண்டும். அந்தச் செயல்கூறு இன்டரப்ட் சூழலில் ஓடக்கூடியது என்பதால் அங்கே தூங்கக் கூடாது, நினைவகம் கேட்டு நிற்கக் கூடாது. பஃபர்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் என்றாலும், நான் திருத்திக் கொடுத்த டிரைவர்களில் பாதியில் இந்த ஓர் இடத்தைச் சரிசெய்ததோடு வேலை முடிந்திருக்கிறது.

எத்தனை வரிசையில் வைப்பது என்பதும் கடிகாரக் கேள்விதான். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற மலிவான ரேடியோ ஏற்பிக்கான நூலகம், இயல்பாக 2,62,144 பைட் கொண்ட 15 பஃபர்களை வரிசையில் வைக்கிறது. நொடிக்கு 24 லட்சம் மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் ஒரு பஃபர் நிறைய ஏறக்குறைய 55 மில்லி நொடி. பதினைந்தும் சேர்ந்தால் முக்கால் நொடிக்கு மேல். கேட்பதற்கு மட்டும் என்றால் இது சரியான தீர்வு. கணினி அரை நொடி மூச்சு முட்டினாலும் ஒரு மாதிரிகூடத் தொலையாது. அதே ஏற்பாட்டை என் ஊசலுக்கு வைத்தால் கம்பி விழுந்த பிறகுதான் விழுந்த செய்தியே வரும். மேல்நிலைத் தொட்டி இருந்தால் நகராட்சிக் குழாயில் எப்போது தண்ணீர் வந்தாலும் வீட்டுக் குழாய் சீராக ஓடும். ஆனால் தொட்டியில் நிற்பது பழைய தண்ணீர். ஒலியிலும் ரேடியோவிலும் பழைய தண்ணீரால் பாதகமில்லை, கட்டுப்பாட்டுச் சுற்றில் அதற்கு இடமில்லை.

ஹோஸ்ட் பக்கம் தாமதம் பிறக்கும் இடங்கள் பல, சில எதிர்பாராதவை. இன்றைய கணினிகளில் உள்ள எக்ஸ்ஹெச்சிஐ கட்டுப்படுத்தி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இன்டரப்ட் எழுப்பிச் செயலியைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவற்றைச் சேர்த்து அனுப்பும். வரையறைப்படி அந்த இடைவெளியின் தொடக்க மதிப்பு 1 மில்லி நொடி. லினக்ஸ் அதை 40 மைக்ரோ நொடிக்குக் குறைத்து வைக்கிறது. மின்சிக்கனம் அடுத்தது. சும்மா இருக்கும் கருவியை 2 நொடியில் தூங்கவைக்கலாம் என்பது கெர்னலின் இயல்பு மதிப்பு, டிரைவர் அதற்கு இசைந்தால். எழுப்பும் சமிக்ஞையை மட்டுமே 20 மில்லி நொடி பிடித்திருக்க வேண்டும். நிகழ்நேர டிரைவர் இதற்கு இசையக் கூடாது. செயலியே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் எழுந்துவர நேரம் எடுக்கும். அதைத் தடுக்கும்படி கெர்னலிடம் கேட்கவும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பிடிபடாதது எஸ்எம்ஐ. இயங்குதளத்துக்குத் தெரியாமலேயே பயாஸ் செயலியைக் கைப்பற்றும் இன்டரப்ட் அது. பழைய பலகைகளில் அதற்கு வழக்கமான காரணம், யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய விசைப்பலகை போலக் காட்டும் பயாஸ் வசதி. அதை அணைத்த பிறகு தாமத வரைபடத்தின் கூர்முனைகள் மறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஹப்களையும் விட்டுவிடக் கூடாது. ஹை ஸ்பீட் ஹப்புக்குப் பின்னால் ஃபுல் ஸ்பீட் கருவி இருந்தால், ஹப்பிலுள்ள மொழிபெயர்ப்பாளர் நடுவே நின்று, கேள்வியை ஒரு மைக்ரோஃபிரேமில் வாங்கிப் பதிலைப் பின்னொரு மைக்ரோஃபிரேமில் தருவார். மலிவான ஹப்களில் எல்லாத் துளைகளுக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர்; நான்கு கருவிகளும் ஒரே 12 மெகாபிட்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தாமதங்களை எதிர்கொண்டவர்கள் போன வழிகள் வெவ்வேறு. முதல் வழி, யூஎஸ்பி அடுக்கையே நிகழ்நேரக் கெர்னலுக்குள் புதிதாக எழுதுவது. ஆர்டிஏஐ, ஜெனோமாய் போன்ற இரட்டைக் கெர்னல் அமைப்புகளுக்காக யூஎஸ்பி4ஆர்டி என்ற முயற்சி நடந்தது. எண்ணம் சரிதான். ஆனால் யூஎஸ்பி அடுக்கு என்பது சிறிய பொருள் அல்ல. ஹப்கள், செருகுதல், பிடுங்குதல், பிழை மீட்பு, ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிக் கோளாறுகளுக்கான மாற்று என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அறிவு அதற்குள் இருக்கிறது. அதை இன்னொரு முறை எழுதிப் பராமரிக்க ஒரு சிறு குழுவால் ஆகாது. இந்த வழியை இன்று யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, சாதாரண லினக்ஸையே நிகழ்நேரமாக்குவது. பிரீயெம்ப்ட்-ஆர்டி என்ற திருத்தத் தொகுப்பு ஏறக்குறைய 20 ஆண்டுகள் வெளியே வளர்ந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலில் முழுமையாக உள்ளே வந்தது. தாமஸ் கிளைக்ஸ்னரும் உடனிருந்தவர்களும் விடாமல் உழைத்த உழைப்பு அது. இதில் இன்டரப்ட் கையாள்வதே ஒரு கெர்னல் இழையாகிவிடுகிறது. யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் இழைக்கு முன்னுரிமையை நாமே உயர்த்தலாம். யூஎஸ்பி அடுக்கை யாரும் திருத்தி எழுத வேண்டியதில்லை. ஹை ஸ்பீட் இன்டரப்ட் எண்ட்பாயிண்டில் 125 மைக்ரோ நொடி இடைவெளி கேட்டு, மேலே சொன்ன தூக்கங்களையெல்லாம் அணைத்து, முன்னுரிமையைச் சரியாக வைத்தால் 1 மில்லி நொடிச் சுற்று ஒன்றை ஓட்டலாம் என்பது என் அனுபவம். ஆய்வகத்துக்கு அது போதும். மனிதர் அருகில் நிற்கும் இயந்திரத்துக்கு அதை மட்டும் நம்பி நான் கையெழுத்திட மாட்டேன். கட்டுப்படுத்தி சில்லின் உள்ளே இருக்கும் திட்டமிடலை நம்மால் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

மூன்றாவது வழி, யூஎஸ்பியை விட்டு விலகுவது. கடைசல், வெட்டு இயந்திரங்களைக் கணினியால் இயக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளின் சமூகம் எடுத்த முடிவு இது. பேரலல் போர்ட்டில் சில பத்து மைக்ரோ நொடிக்கு ஒருமுறை நேரடியாகத் துடிப்பு அனுப்பிப் பழகியவர்கள், யூஎஸ்பி அதற்கு ஈடாகாது என்று கண்டு, ஈதர்நெட் வழி பேசும் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லு) பலகைகளுக்குப் போனார்கள். 1 மில்லி நொடிக்கு ஒருமுறை கணினி இலக்கைச் சொல்லும். துடிப்புகளைப் பலகை உண்டாக்கும். துடிப்பின் கடிகாரம் இங்கேயும் பலகைக்குப் போய்விட்டதைக் கவனியுங்கள். ஈதர்நெட்டுக்குப் போனது பாதிக் கதைதான்.

அந்த மீதிப் பாதியை யூஎஸ்பியிலேயே செய்து காட்டியது கிளிப்பர் என்ற முப்பரிமாண அச்சு மென்பொருள். கெவின் ஓகானர் தொடங்கிய திட்டம். சிறு கணினி ஒன்றில் சாதாரண லினக்ஸ், அதில் பெரும்பகுதி பைத்தான். நிகழ்நேரம் என்று பெயர் சொல்லக்கூட அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் மோட்டார் அடிகளை 25 மைக்ரோ நொடி அல்லது அதைவிட நுண்மையான துல்லியத்தில் வைக்கிறது. 'இப்போது அடி' என்று கணினி ஒருநாளும் சொல்வதில்லை. 'உன் கடிகாரம் இந்த எண்ணைக் காட்டும்போது அடி' என்று முன்கூட்டியே எழுதி அனுப்புகிறது. கருவியின் கடிகாரம் என்ன காட்டுகிறது என்று அவ்வப்போது கேட்டு, பதில்களை ஒரு நேர்கோட்டில் பொருத்தி, தன் கடிகாரத்துக்கும் அதன் கடிகாரத்துக்கும் உள்ள உறவைக் கணித்து வைத்துக்கொள்கிறது. கட்டளை கம்பியில் 1 மில்லி நொடியில் போனாலும் 10 மில்லி நொடியில் போனாலும் அடி விழும் நேரம் மாறாது.

கட்டளை கெடுவுக்குப் பின் வந்து சேர்ந்தால்? கருவி அதைத் தாமதமாகச் செய்யாது. 'டைமர் டூ க்ளோஸ்' என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்திவிடும். அச்சடிப்பவர்கள் இந்தச் செய்தியைக் கண்டு நொந்துபோவதுண்டு. பல மணி நேர வேலை போய்விடும். ஆனாலும் நான் அந்த முடிவின் பக்கம் நிற்கிறேன். கெடு தவறியதைச் சொல்லாமல் தவறான நேரத்தில் அடிக்கும் கருவியைவிட, நின்று சொல்லும் கருவியைத்தான் நம்பி வேலை செய்ய முடியும்.

ஆனால் முன்கூட்டியே எழுதி அனுப்ப, எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். அச்சு இயந்திரத்தின் பாதை தெரிந்ததே. ஊசல் அடுத்து எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியாது. அங்கே கட்டுப்பாட்டுச் சுற்றையே கருவியின் மைக்ரோகன்ட்ரோலருக்குள் இறக்கிவிட்டு, கணினி இலக்கை மட்டும் சொல்வதே வழி. அப்போது யூஎஸ்பி டிரைவரின் வேலை எளிதாகிறது: நேர முத்திரையோடு அளவீடுகளை வாங்குவது, இலக்குகளை அனுப்புவது, தொடர்பு அறுந்தால் கருவி தானாகப் பாதுகாப்பு நிலைக்குப் போகிறதா என்று உறுதிசெய்வது. நேர முத்திரையைக் கருவியிலேயே போட வேண்டும். கணினியில் போட்டால், தரவு பிறந்த நேரத்துக்குப் பதில் டிரைவர் விழித்த நேரம்தான் பதிவாகும்.

2008-ல் வந்த யூஎஸ்பி 3.0 பந்தி முறையைக் கொஞ்சம் தளர்த்தியது. தரவு இல்லாத கருவி 'இப்போது இல்லை' என்று சொல்லிவிட்டு, தயாரானதும் தானே தெரிவிக்கலாம். 3.1 வரையறையில், இணைப்பின் வழிநெடுகத் தாமதத்தை அளந்து கடிகாரங்களைப் பொருத்தும் ஏற்பாடும் சேர்ந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் இன்றும் பெரும்பாலும் ஃபுல் ஸ்பீடோ ஹை ஸ்பீடோதான் பேசுகிறது. ஆகையால் டிரைவர் எழுதுபவரின் மேசைக்கு இவை அதிகம் வந்துசேரவில்லை.

அளப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சைக்ளிக்டெஸ்ட் என்ற நிரல் கெர்னலின் விழிப்புத் தாமதத்தை அளக்கும்; யூஎஸ்பிமான் என்ற கெர்னல் வசதி வேண்டுகோள்கள் போய்வந்த நேரத்தைக் காட்டும். இரண்டும் தேவை, இரண்டும் போதாது. இரண்டுமே அளக்கப்படும் கணினியின் உள்ளேயிருந்து பார்ப்பவை. நான் செய்வது இது: கருவியில் ஒரு பின்னைத் தேர்ந்தெடுத்து, கோணத்தைப் படித்ததும் உயர்த்தி, அந்தப் படிப்புக்கான கட்டளை திரும்பி வந்ததும் தாழ்த்துவேன். ஆசிலோஸ்கோப்பைப் பழைய கோடுகள் அழியாமல் படியும்படி வைத்து, கணினியில் பெரிய தொகுப்பு வேலை ஒன்றை ஓடவிட்டு, அதே ஹப்பில் ஒரு வட்டிலிருந்து கோப்புகளை நகலெடுக்கவிட்டு, இரவு வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் திரையில் ஒரு தடித்த பட்டையும், வலப்பக்கம் தனியே விலகி நிற்கும் ஒன்றிரண்டு மெல்லிய கோடுகளும் இருக்கும். பட்டையின் நடுப்புள்ளியை நான் பார்ப்பதேயில்லை. தனியே நிற்கும் கோடுகளில் கடைசி எங்கே இருக்கிறது என்று கட்டங்களை எண்ணி, அந்த எண்ணைத்தான் வடிவமைப்புக் குறிப்பேட்டில் எழுதுவேன்.